மரம் நடும் முகாம்

ரகுபதிக்கு முப்பத்தொன்பது வயதுவரை யாரும் சல்யூட் வைத்ததில்லை.

பென்னலூரில் நெல்லும் வேர்க்கடலையும் போடும் குடும்பத்தில் அவர் நான்காவது பிள்ளை. அண்ணன்கள் மூவரும் பேசி முடித்து மிச்சம் ஏதாவது இருந்தால்தான் வீட்டில் அவர் வாய் திறப்பார். ஆசிரியர் பயிற்சி முடித்து, ஒரகடம் போகும் சாலையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து பதினாலு வருடம் ஆகியிருந்தது. ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் வரலாறு, புவியியல் எடுத்தார். ஆண்டு விழாவுக்கு மேடையில் நாற்காலி போடும்போது எண்ணிக்கையில் அவரை விட்டுவிடுவார்கள். அவரும் ஒன்றும் சொல்லாமல் மைக்செட்காரருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார்.

1991 ஜூனில் பள்ளி திறந்தது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து அந்தப் பக்கத்து ஜனங்கள் எங்கே போனாலும் ஊர்ப் பெயரைச் சொல்லி விளக்க வேண்டியிருந்தது. பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறந்து பார்த்தார்கள். பள்ளியில் சாரணர் படையைக் கவனித்துவந்த ஆசிரியர் மாற்றலாகிப் போயிருந்தார். தலைமை ஆசிரியர் நரசிம்மன் ரகுபதியைக் கூப்பிட்டார்.

"படைய இனிமே நீங்க பாத்துக்கங்க. பயிற்சிக்கு ஆர்டர் வந்துட்டுது."

"எனக்கு அதெல்லாம் தெரியாதே சார்."

"யாருக்குத்தான் தெரியும்? போய்ட்டு வாங்க. சொல்லிக் குடுப்பாங்க."

பத்து நாள் பயிற்சி முகாம். கறுத்து, இளைத்து, கழுத்தில் ஒரு விசிலோடு திரும்பி வந்தார். அவர் மனைவி சசிரேகா சாதத்தைப் போட்டுக்கொண்டே சிரித்தாள். "இன்னாங்க, சாப்புடும்போதுகூட அத்த மாட்டிக்கினு கீறீங்க?" அவரும் சிரித்தார். ஆனால் கழற்றவில்லை.

அந்த விசில் ஊதினால் இருபத்துமூன்று பையன்கள் ஓடி வந்து குதிரை லாட வடிவத்தில் நின்றார்கள். மூன்று விரலை நெற்றிக்குக் கொண்டுபோய் வணக்கம் வைத்தார்கள். பதினாலு வருடத்தில் அவர் குரல் அவ்வளவு தூரம் போய் அவரே கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும், சனிக்கிழமை காலையும் அவருடையவை. முடிச்சுப் போடுவது, முக்கோணத் துணியால் கை உடைந்தவனுக்குத் தூளி கட்டுவது, மண்ணில் அம்புக்குறி போட்டு வழி கண்டுபிடிப்பது என்று படித்துவந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார். சாரணர்கள் இடது கையால்தான் கை குலுக்க வேண்டும் என்று அவர் சொன்னதை ஒரு பையன் வீட்டில் போய்ச் செய்துகாட்டி அடி வாங்கினான். அவன் அம்மா பள்ளிக்கே வந்து, "பீச்சாங்கைய நீட்டச் சொல்லி எந்த வாத்தியாராவது சொல்லித் தருவாரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்று ஆசிரியர் அறை முழுக்கச் சிரிப்பு. ரகுபதிக்கு அதுவும் பிடித்திருந்தது. அவரைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக சைக்கிளில் வந்த ஒருவர் மைதானத்து ஓரம் காத்திருந்தார். காக்கிச் சட்டை, கையில் டிபன் தூக்கு. பெயர் சுப்பன். ஒரகடம் சாலையிலிருந்த சுவிட்ச் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். வீட்டுச் சுவரில் பொருத்தும் சுவிட்ச், பிளக் எல்லாம் அங்கே செய்தார்கள். அவர் மகன் இளம்பரிதி ஒன்பதாவது படித்தான்.

"எம் பையன் வாயே தொறக்க மாட்டான் சார். நாலு பேரு முன்னாடி நின்னு பேசணும், அவ்ளோதான். உங்க படையில சேத்துக்கோங்க."

ரகுபதிக்குத் தன்னையே யாரோ கொண்டுவந்து விட்டதுபோல் இருந்தது. அவனைச் சேர்த்துக்கொண்டார், ஒரு மாதத்தில் அணித் தலைவன் ஆக்கினார். பையன் அதிகம் பேசவில்லைதான். ஆனால் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் மற்றவர்கள் கால் தானாகச் சரியாக விழுந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலில் சேவைக்குப் போனார்கள். காவடிக் கூட்டத்தில் கயிறு பிடித்து வரிசை ஒழுங்கு செய்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று கூட்டத்தில் தொலைந்து அழுதுகொண்டிருந்தது. இளம்பரிதி அதைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, ஜனங்களுக்கு மேலே அதன் தலை தெரியும்படி மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான். மூன்றாவது சுற்றில் அதன் அம்மா பார்த்துவிட்டாள். அந்த அம்மாள் ரகுபதியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும்." அவர் அதைப் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு குறை. இருபத்துநாலு பேரில் ஒன்பது பேருக்குத்தான் சீருடை இருந்தது. மற்றவர்கள் பள்ளிச் சட்டைமேல் பச்சை ஸ்கார்ஃபை மட்டும் கட்டிக்கொண்டார்கள். கூடாரம் கிடையாது, டிரம் கிடையாது. செப்டம்பரில் காஞ்சிபுரத்தில் மாவட்டப் பேரணி. தனியார் பள்ளிப் பையன்கள் பூட்ஸும் பெல்ட்டுமாக வந்து நிற்பார்கள். அவர்களுக்கு நடுவே தன் படை எப்படித் தெரியும் என்று ரகுபதி அடிக்கடி யோசித்தார்.

சுதந்திர தினம் முடிந்து ஒரு வாரம் கழித்துத் தலைமை ஆசிரியர் மறுபடி கூப்பிட்டார். அறையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். சுவிட்ச் கம்பெனியின் பர்சனல் ஆபீசர் வசந்தகுமார். எழுந்து நின்று கை கொடுத்தார். ரகுபதிக்கு யாரும் அப்படி எழுந்து நின்றதில்லை.

"கிருத்திகையில உங்க பசங்களப் பாத்தேன் சார். என்னா டிசிப்ளின்! எங்க எம்.டி.கிட்ட சொன்னேன். அவரும் சின்ன வயசுல ஸ்கவுட்டாம். எல்லாருக்கும் யூனிஃபார்ம், ஒரு டென்ட், ஒரு டிரம், கம்பெனி குடுக்கும்னு சொல்லிட்டார்."

ரகுபதி தலைமை ஆசிரியரைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"பதிலுக்கு ஒண்ணும் இல்ல. மூணு நாள் எங்க காம்பவுண்டுல ஒரு சேவை முகாம் போடுங்க. மரம் நடலாம், கிளீன் பண்ணலாம், சின்னச் சின்ன உதவி. சாப்பாடு எங்களுது."

அந்தக் கம்பெனி வாசலில் ஒரு வாரமாகப் பந்தல் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பது ரகுபதிக்குத் தெரியும். தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறார். சங்கம் வைக்கக் கையெழுத்து வாங்கினார்கள் என்று ஏழு பேரை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். அந்த ஏழு பேரில் சுப்பன் ஒருவர் என்பதும் தெரியும். ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள்.

"அங்க ஸ்ட்ரைக் நடக்குதே சார்" என்றார், தலைமை ஆசிரியரைப் பார்த்து.

"அது கம்பெனிக்காரங்க சமாச்சாரம். நம்ம பசங்க மரந்தானே நடப் போறாங்க."

"ஆமாம் சார், மரந்தான்" என்றார் வசந்தகுமார்.

ரகுபதி அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும். அந்தப் பதிலுக்குப் பிறகு சீருடை வந்திருக்காது.

பெற்றோர் ஒப்புதல் கடிதத்தை அவரே எழுதினார். "ஒரகடம் சாலையில் மரம் நடும் முகாம், மூன்று நாட்கள்" என்று எழுதி, கம்பெனியின் பெயரை விட்டுவிட்டார். எழுதும்போது மறக்கவில்லை. பேனாவை அந்த இடத்தில் நிறுத்தி, தாண்டிப் போனார். இளம்பரிதியை மட்டும் வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றும் நினைத்தார். ஏன் என்று அவன் கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். அதோடு பேரணியில் கொடி பிடிக்க அவனை விட்டால் ஆள் இல்லை. கடிதம் சுப்பனுடைய வளைந்த கையெழுத்தோடு மறுநாள் வந்தது.

முதல் நாள் கம்பெனி வேன் வந்து பின்பக்கக் கேட் வழியாக அழைத்துப்போனது. பையன்கள் குழி தோண்டி வேம்பும் புங்கமும் நட்டார்கள். மதியம் முட்டை வைத்துப் பிரியாணி. புதுச் சீருடையைக் கொடுத்தபோது சிலர் அதை முகர்ந்து பார்த்தார்கள். இளம்பரிதி மட்டும் ரகுபதியிடம் தனியாக வந்தான்.

"சார், இது எங்கப்பா கம்பெனி."

"தெரியும்டா. மரந்தானே நடுறோம்."

அவன் தலையாட்டிவிட்டுப் போய்த் தண்ணீர் ஊற்றினான்.

இரண்டாம் நாள் நடுவதற்கு மரம் இல்லை. சூப்பர்வைசர் ஒருவர் பையன்களைப் பேக்கிங் ஹாலுக்கு அழைத்துப்போனார். நீள மேஜைகளில் சுவிட்சுகள் குவிந்திருந்தன. ஒரு சுவிட்ச், இரண்டு ஸ்குரூ, சின்ன டப்பா. டப்பாமேல் பசை தடவி லேபிள் ஒட்ட வேண்டும். ஐம்பது டப்பா சேர்ந்தால் ஒரு அட்டைப்பெட்டி. பையன்களுக்கு அது விளையாட்டாக இருந்தது. எந்த அணி முதலில் பெட்டியை நிரப்புகிறது என்று போட்டி போட்டார்கள். சூப்பர்வைசர் சாக்லேட் கொடுத்தார்.

ரகுபதியை வசந்தகுமார் தன் அறைக்கு அழைத்தார். மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்து டீ வரவழைத்தார். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பேக்கிங் ஹால் தெரிந்தது. இளம்பரிதி நின்றுகொண்டு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். போட்டியில் அவன் சேரவில்லை. ஒன்று ஒட்டுவான், கொஞ்ச நேரம் சும்மா நிற்பான், அடுத்ததை எடுப்பான். ரகுபதி நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் வேன் பள்ளிக்கு வரவில்லை. வசந்தகுமார் ஸ்கூட்டரில் வந்தார்.

"இன்னைக்கு எம்.டி. வர்றார் சார். முன் கேட் வழியா மார்ச் பண்ணி வந்துடுங்க. புது டிரம் இருக்கு, கொடி இருக்கு. பாக்க அழகா இருக்கும்."

மெயின் ரோட்டிலிருந்து கம்பெனி கேட்டுக்குக் கால் பர்லாங் தூரம் இருக்கும். ஏழாம் வகுப்பு மாரி டிரம் அடிக்க, இளம்பரிதி கொடியோடு முன்னால் நடக்க, இருபத்துநாலு பேரும் புதுச் சீருடையில் போனார்கள். ரகுபதி பக்கவாட்டில் நடந்தார். பந்தல் நெருங்க நெருங்க அங்கே பேச்சு நின்றது. கீற்றுக்கு அடியில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். பாதிப் பேரை அவருக்குத் தெரியும். அவரிடம் படித்தவர்கள், அவர் வகுப்புப் பையன்களின் அப்பாக்கள், சித்தப்பாக்கள்.

சுப்பன் எழுந்து வழியில் வந்து நின்றார். பன்னிரண்டு நாள் தாடி. டிரம் சத்தம் நின்றுபோயிற்று.

"எங்க சார் கூட்டிக்கினு போறீங்க புள்ளைங்கள?"

"மரம் நடுற முகாம், சுப்பன். கடுதாசி குடுத்தேனே."

"ரோட்டோரம் நடப் போறீங்கன்னு இல்ல நெனச்சேன்." சுப்பன் மகன் பக்கம் திரும்பினார். "ரெண்டு நாளா உள்ள இன்னாடா பண்ணீங்க?"

இளம்பரிதி கொடிக்கம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அப்பாவைப் பார்த்தான். பிறகு ரகுபதியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. என்ன சொல்லட்டும் சார் என்று கேட்பதுபோல் இருந்தது. ரகுபதி தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தார்.

"மரம் நட்டோம்பா" என்றான் பையன்.

"ரெண்டு நாளும்?"

"ரெண்டு நாளும்."

சுப்பன் கொஞ்ச நேரம் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து யாரோ, "அப்புறம் லோடு எப்டிடா ரெடியாவுது உள்ள?" என்று கத்தினார்கள். சுப்பன் கையைத் தூக்கி அவரை அடக்கினார்.

"வாத்தியாரு சொல்றாரு, புள்ள சொல்றான். வழி வுடுங்கப்பா."

வழி விட்டார்கள். மாரி மறுபடி டிரம்மை அடிக்கத் தொடங்கினான்.

அன்றும் மதியம்வரை பேக்கிங். மூன்று மணிக்கு எம்.டி. கிளம்பும் நேரம், வசந்தகுமார் பையன்களை முன் கேட்டுக்கு வெளியே இரண்டு வரிசையாக நிறுத்தச் சொன்னார். வழியனுப்பு மரியாதை என்றார். வரிசைக்கு இரண்டு பக்கமும் பந்தல்காரர்கள் எழுந்து வந்து நின்று பார்த்தார்கள். சிலர் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார்கள்கூட. ரகுபதி விசில் ஊதினார். "படை, நேர் நில்!" என்றார். எல்லோரும் சல்யூட் வைத்தார்கள். எம்.டி.யின் கார் மெதுவாக நடுவே ஊர்ந்து போனது. காருக்குப் பின்னால் உள்ளேயிருந்து ஒரு லாரியின் முகம் தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று.

பன்னிரண்டு நாளாக ஒரு லாரியைக்கூட அவர்கள் வெளியே விடவில்லை. வண்டி கிளம்பினால் வழியில் படுத்துக்கொள்வார்கள். இப்போது வழியின் இரண்டு பக்கமும் அவர்கள் பிள்ளைகள் கையை நெற்றியில் வைத்து நின்றார்கள். லாரிக்கும் பையன்களுக்கும் நடுவே ஒரு முழம் இடம்கூட இல்லை. கூட்டம் முன்னால் வந்தால் பிள்ளைகள்தான் சக்கரத்துக்கு அடியில் போவார்கள். "டேய், வெளிய வாடா," "நவுருடா கண்ணு" என்று குரல்கள் கேட்டன. பையன்கள் நகரவில்லை. கட்டளை வராமல் நகரக் கூடாது என்று ரகுபதிதான் மூன்று மாதமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

விசில் அவர் உதட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு முறை ஊதினால் கலைந்துவிடுவார்கள். கேட்டுக்கு உள்ளேயிருந்து வசந்தகுமார் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது டிரம், புதுக் கூடாரம், பேரணி எல்லாம் ஒரு நொடி ரகுபதியின் கண்ணில் வந்துபோயின. அப்புறம் நினைத்துப் பார்த்தபோது அதை அவரால் மறுக்க முடியவில்லை. அவர் ஊதவில்லை. மூன்று லாரியும் போய் மெயின் ரோட்டில் திரும்பும்வரை அவர் பையன்கள் சல்யூட்டிலேயே நின்றார்கள். கடைசி லாரி போனதும் "இயல்பாய் நில்" என்றார். அது முதல் பையனுக்குக்கூடக் கேட்கவில்லை. இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

பந்தலில் யாரும் அவரைத் திட்டவில்லை. ஒரு பெண் மட்டும் வந்து தன் மகனின் கையைப் பிடித்து வரிசையிலிருந்து இழுத்துக்கொண்டு போனாள். ரகுபதியைத் தாண்டும்போது முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

லோடு போய்விட்டது என்ற செய்தி பரவியதும் போராட்டம் தளர்ந்தது. இரண்டாம் நாளே இருபது பேர் உள்ளே போனார்கள். ஒரு வாரத்தில் பந்தலைப் பிரித்தார்கள். அந்த ஏழு பேரை மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை.

முகாமுக்கு அடுத்த திங்கட்கிழமை காலை ரகுபதியின் மேஜைமேல் ஒரு செய்தித்தாள் பொட்டலம் இருந்தது. உள்ளே துவைத்து மடித்த சீருடை, தொப்பி, பச்சை ஸ்கார்ஃப். இளம்பரிதி வகுப்பில் இருந்தான். அவர் வராந்தாவில் எதிரே வந்தால் மரியாதையாக ஒதுங்கி நின்றான். கண்ணை மட்டும் தூக்கவில்லை. அந்த வாரம் படையிலிருந்து இன்னும் ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள்.

மிச்சமிருந்த பதினான்கு பேரோடு அவர் பேரணிக்குப் போனார். போகாமல் இருந்திருக்கலாம். தலைமை ஆசிரியர் விடவில்லை என்று பின்னால் சசிரேகாவிடம் சொன்னார். அது பாதிதான் உண்மை. படைக் குறிப்பேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். பருவத்தின் வேலைகளை அவர் தன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: முடிச்சுகள், முதலுதவி, வல்லக்கோட்டை திருவிழாச் சேவை, சுதந்திர தின அணிவகுப்பு, தொழிற்சாலைச் சேவை முகாம் மூன்று நாள். அந்தக் கடைசி வரிக்காகவே நடுவர்கள் பாராட்டினார்கள். சேவையில் முதலிடம் என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். ரகுபதி மேடை ஏறி வாங்கினார். மைதானம் முழுக்கக் கை தட்டியது. வாழ்க்கையில் முதல்முறையாக மேடையில் அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து கீழே தன் பையன்களைப் பார்த்தார். மாரி கை தட்டாமல் டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அவன் சித்தப்பாவும் அந்த ஏழு பேரில் ஒருவர்.

திரும்பி வரும் பஸ்ஸில் கேடயத்தைத் துண்டால் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டார். நடத்துநர், "இன்னா சார், பரிசா?" என்று கேட்டதற்கு, "இல்ல, பள்ளிக்கூடத்துச் சாமான்" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சசிரேகாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். கடிதத்தில் கம்பெனி பெயரை விட்டதிலிருந்து, ஊதாத விசில்வரை. அவள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? சொல்ல வேண்டியவங்க வூடு தெரியும் இல்ல?"

சுப்பனின் வீடு தெருக்கோடியில் இருந்தது. சுப்பன் மனைவி முனியம்மாள் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் சுப்பன் வந்தார். தண்டலம் பக்கம் ஏதோ காலேஜுக்குக் கட்டடம் எழும்புகிறது, அங்கே சிமென்ட் கலவை தூக்குகிறார் என்று ஊரில் சொன்னார்கள். உள்ளங்கை வெடித்திருந்தது.

"வாங்க சார்."

"சுப்பன், அன்னைக்கு நான் சொன்னது பொய். மரம் ஒருநாள்தான் நட்டோம். மீதி நாள் பேக்கிங் பண்ண வெச்சாங்க. எனக்கு எல்லாம் தெரியும்."

"எனக்குந்தான் தெரியும்" என்றார் சுப்பன்.

ரகுபதிக்குப் புரியவில்லை.

"அவன் விரல்ல பசை காஞ்சி கெடந்துது. பதிமூணு வருசம் அந்தக் கம்பெனியில கீறேன், லேபிள் பசை தெரியாதா எனக்கு? முந்தின நாளு ராத்திரி சாப்புடும்போதே பாத்தேன். கேக்கல."

"பின்ன ஏன் வழி வுட்டீங்க?"

உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

"எம் புள்ள அதுவரைக்கும் பொய் சொன்னவன் இல்ல சார். உங்களக் காப்பாத்தணும்னு அத்தினி பேரு முன்னாடி சொல்லிட்டான். அங்க நா மறுத்துச் சொன்னா அவன் பொய்யன் ஆய்டுவான். லாரி வரும்னு நெனக்கல. தெரிஞ்சிருந்தா…"

ரகுபதி நின்றுகொண்டே இருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். அந்த வார்த்தையைச் சொன்னால் அதற்கும் சுப்பன்தான் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும், அந்தச் சுமையையும் அவர் தலையில் வைக்க வேண்டாம் என்று தோன்றியது. "நான் என்ன செய்யட்டும்?" என்று மட்டும் கேட்டார்.

உள்ளேயிருந்து முனியம்மாள் குரல் வந்தது. "கேஸு போட்டுக் கீறாங்க. உள்ள யாரு வேல செஞ்சாங்கன்னு சாட்சி இல்லன்னு வக்கீலு சொல்றாரு. புள்ளைங்களக் கூப்புட மாட்டோம். அவரால சொல்ல முடியுமான்னு கேளு."

சுப்பன், "சும்மா இரு" என்றார். ஆனால் ரகுபதியைப் பார்த்துக் காத்திருந்தார்.

"சொல்றேன்" என்றார் ரகுபதி.

திங்கட்கிழமை கேடயத்தைத் தலைமை ஆசிரியர் மேஜையில் வைத்து, மாவட்டச் சாரணர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தையும் பக்கத்தில் வைத்தார். குறிப்பேட்டில் சேவை முகாம் என்று எழுதியது உண்மை அல்ல, பரிசைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார். நரசிம்மன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்குப் பைத்தியமா ரகுபதி? இதுல எம்பேரும் வரும்."

"உங்க பேர எழுதல சார். நான் அழைச்சிட்டுப் போனேன்னுதான் எழுதியிருக்கேன்."

"அந்தாளுங்க பத்து நாள்ல மறந்துடுவாங்க."

"மறக்கட்டும் சார்" என்றார் ரகுபதி.

நவம்பர் கடைசியில் தொழிலாளர் அதிகாரி முன் விசாரணை. அதற்குள் அவருக்கு ஒரு மெமோ வந்திருந்தது. படை வேறு ஆசிரியர் கைக்குப் போயிருந்தது. கம்பெனி வக்கீல் நயமாகத்தான் கேட்டார். அவரைக் காப்பாற்றுகிற மாதிரியே கேட்டார். "மரம் நடத்தான் போறோம்னு நெனச்சுத்தானே சார் நீங்க போனீங்க? உள்ள போன பிறகு பசங்க ஆர்வத்துல ரெண்டு பெட்டி கட்டியிருக்கலாம். உங்களுக்கு அது தெரியாது, இல்லையா?"

ஆமாம் என்றால் போதும். மெமோவுக்கும் அதுவே பதிலாகிவிடும். எதிரே சுவரோரம் ஏழு பேரும் நின்றிருந்தார்கள்.

"தெரியும்" என்றார். "தெரிஞ்சேதான் கூட்டிட்டுப் போனேன். ஸ்ட்ரைக்னு தெரியும். அவங்க அப்பாங்க வெளிய உக்காந்திருக்காங்கன்னு தெரியும். ரெண்டு நாள் பேக்கிங் நடந்தத ஜன்னல் வழியாப் பாத்தேன். லாரி வரும்போது பசங்கள நான் நிறுத்தி வெச்சேன். கலைச்சிருக்கலாம். கலைக்கல."

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா தலையைத் தூக்கிப் பார்த்தார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

விசாரணை இழுத்துக்கொண்டே போய், ஏழு பேரில் நான்கு பேருக்கு இரண்டு வருடம் கழித்து மறுபடி வேலை கிடைத்தது. சுப்பன் அந்த நான்கில் இல்லை. அவர் மெயின் ரோட்டில் லாரி டயருக்குக் காற்றடிக்கும் கடை வைத்தார். ரகுபதியை 1992 ஜூனிலேயே உத்திரமேரூர் பக்கம் மாற்றினார்கள். அங்கேயும் தலைமை ஆசிரியர் ஒருமுறை சாரணர் படை நடத்த முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார். காரணம் கேட்டபோது, தகுதி இல்லை என்றார். அந்தத் தலைமை ஆசிரியர் அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டார்.

அந்த நவம்பரில், சாட்சி சொன்ன அன்று, கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் வராந்தாவுக்கு வந்தபோது பெஞ்சில் சுப்பன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், பள்ளிக்கு லீவு போட்டு அப்பாவோடு வந்திருந்த இளம்பரிதி. சுப்பன் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் இடம் விட்டார். பையன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரகுபதி அந்த இடத்தைப் பார்த்தார். உட்கார மனம் வரவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.